மெத்தையோடு வரும் மாட்டு டாக்டர்

மெத்தையை விரித்தாயிற்று. ஷோரூம் தரையில் அதன் நாலு மூலையையும் இழுத்துவிட்ட மாட்டு டாக்டர், புத்தம்புது மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெல்லச் சாய்த்துப் படுக்கப் போட்டார். "ஐயோ சார்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் விற்பனையாளர்.

"பதறாதீங்க தம்பி. ஓட்டிப் பாக்க என்ன இருக்கு? எல்லா வண்டியும்தான் ஓடும். விழுந்தா தனியா தூக்க முடியுதான்னு பாக்கணும்ல?"

ஊரிலுள்ள மற்ற கடைக்காரர்கள் அந்த மெத்தையைத் தூரத்தில் கண்டாலே கதவைச் சாத்திவிடுகிறார்கள். மிச்சமிருப்பது இந்த ஒரே கடை.

மனுஷர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய நோயாளிகள் மலைமேல் இருக்கிறார்கள். பாதி தூரம் தார் ரோடு, அப்புறம் உருட்டுக்கல், சேறு, குறுக்கே ஓர் ஓடை. இரண்டுக்கும் தோதான வண்டி வேண்டும். போன மழையில் பழைய வண்டி சறுக்கி அவர் கால்மேல் படுத்துக்கொண்டது. மத்தியானம்வரை அடியிலேயே கிடந்தார். ஓர் ஆடு மட்டும் ஹெல்மெட் வாரை மென்றபடி துணைக்கு நின்றது. மலைமேலே ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

"நல்லவேளை, அது என்னை நம்பாம தானே போட்டுடுச்சு" என்று சிரிப்பார். அடுத்த பசுவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

லேசான வண்டிகளைத் தூக்கிவிடுகிறார். ஆனால் அதெல்லாம் தாழ்ந்த வண்டி, முதல் கல்லிலேயே அடிவயிறு இடிக்கும். இந்த உயரமான வண்டி கல்லையெல்லாம் தாண்டிவிடும். பட்டன் பட்டனாகப் புடைத்த டயர் சேற்றிலும் வழுக்காது. ஆனால் எழுந்திருக்க வேண்டுமே!

"எந்திரிம்மா, என் ராசாத்தி" என்று பெட்ரோல் டேங்கைத் தட்டிக்கொடுத்து முக்கினார். சட்டைப் பொத்தான் தெறித்து மேசைக்கடியில் ஓடியது. ராசாத்தி அசையவில்லை. விற்பனையாளர் கைகொடுக்க வந்தார்.

"தொடாதீங்க! மலைக்கு நீங்களா கூட வரப்போறீங்க?"

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இப்படியே போனா மெத்தையோட நீங்களும் இங்கேயே படுத்துக்க வேண்டியதுதான். தள்ளுங்க."

கைப்பையை அவர் தோளில் மாட்டினாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரே எம்பு. வண்டி எழுந்து நின்றது. ஸ்டாண்டையும் அவளே காலால் தள்ளிவிட்டாள்.

"மலைக்கு நான் வரேன். போதுமா?"

டாக்டர் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இத்தனை கடை ஏறி இறங்கியும் இவளையே கூட்டிப்போகலாம் என்பது மண்டையில் ஏறவில்லையே என்று அவருக்கே வெட்கமாயிருந்தது.

மெத்தையை நிதானமாக மடித்தார். அதைப் பின்சீட்டில் வைத்து, இரண்டு முறை அமுக்கிப் பார்த்து, முன்சீட்டை மனைவிக்கு விட்டுவிட்டு, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு மெத்தைமேல் ஏறி உட்கார்ந்தார்.