நடு நாற்காலி

என் கணவர் வெர்லின் ஹெக்லண்ட் எங்கள் மாநிலத்துக்கென்றே உள்ள உச்ச நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் நீதிபதியாக இருந்தார். அதில் பாதிக்கு மேல் சக நீதிபதி மார்லிஸ் ஓப்சாலைப் பார்த்து வயிறெரிந்தே போனது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் பொறாமையைக்கூட மரியாதையாகத்தான் படுவார்கள்.

சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு பயிரிடும் குடியானவரின் மகன் இவர். டிராக்டர் ஓட்ட ஆள் வேண்டும் என்று அப்பா முறைத்துக்கொண்டிருக்க, இவர் சட்டம் படிக்கப் போனார். மாவட்ட அரசு வக்கீலாக மாட்டுத் திருட்டும் வேலிச் சண்டையும் பார்த்தார். உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானபோது கவர்னர் இவரை நியமித்தார். பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு தேர்தல்; எங்கள் பக்கத்தில் நீதிபதிக்கும் ஜனங்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சுடும் காலை விருந்துகளில் நானும் பக்கத்தில் நின்று, கன்னம் வலிக்கச் சிரித்து, ஊர் முழுக்கக் கை குலுக்கியிருக்கிறேன். ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை.

எங்கள் நீதிமன்றத்தில் ஐந்து நாற்காலிகள். புதிதாக வருகிறவர் ஓரத்தில் உட்கார வேண்டும். மூத்தவர் ஓய்வு பெறப் பெற உள்ளே நகரலாம். நடுவில் இருப்பது தலைமை நீதிபதிக்கு. வெர்லின் நகர்ந்து நகர்ந்து அதற்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார். மனுஷருக்கு இருந்த ஒரே ஆசை இன்னும் ஒரு தடவை நகர்வது. அதை வாய்விட்டுச் சொன்னாரா என்றால் இல்லை. "உங்களுக்கு அந்த நாற்காலி வேணும்தானே?" என்று எத்தனையோ முறை கிண்டிப் பார்த்தேன். "குடுத்தா பாத்துக்கலாம்" என்பார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

தலைமை நீதிபதி லோக்கன் ஓய்வு பெற்றார். அடுத்தவரை ஐந்து பேரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசியாக வந்தவர் முதலில் பேசுவது அவர்கள் வழக்கம், மூத்தவர் சொன்னதற்குத் தலையாட்டிவிடக் கூடாது என்று. கடைசியாக வந்தவள் மார்லிஸ். அவள் வெர்லின் பெயரைத்தான் சொன்னாள்.

இவர் என்ன செய்திருக்க வேண்டும்? சரி என்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் காபி கொடுத்தால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவைதான் கோப்பையை நீட்டுவோம். "ஐயோ, நான் எதுக்கு? மார்லிஸே நல்லா செய்வாங்களே" என்றார் வெர்லின். மறுபடி கேட்பார்கள் என்று காத்திருந்தார். மார்லிஸ், "சரி, அப்ப நானே பாத்துக்கறேன்" என்றாள். அவள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மற்ற மூவருக்கும் நா எழவில்லை. வெர்லின்தான் முதலில் கை கொடுத்து வாழ்த்தினாராம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் கிடந்த பனியை மண்வாரியால் தள்ளப் போனார். தள்ள அங்கே பனியே அதிகம் இல்லை.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் எப்போதும் மூன்று பேர். மார்லிஸின் தீர்ப்பு நாலே பக்கம், பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். மார்லிஸ் வக்கீல்களைச் சிரிக்க வைக்கிறாள், நீதிமன்றம் என்ன நாடகக் கொட்டகையா? அவள் தீர்ப்பைக் காலை உணவோடு படித்து, சிவப்புப் பென்சிலால் பிழை தேடுவார். ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு முட்டை இரண்டாக இறங்கும். அவளுடைய தீர்ப்புக்கு இவர் எழுதும் மறுப்புகள் நீண்டுகொண்டே போயின. நான் முடி வெட்டிக்கொண்டு வந்தது ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. மார்லிஸ் கண்ணாடி மாற்றியதை அன்றைக்கே வந்து சொன்னார். எனக்கும் எரியாமல் இருக்குமா?

இவர் ஓய்வு பெற்ற வருஷமே அவளும் ஓய்வு பெற்றாள். கடைசி நாள் வரை நடு நாற்காலியில் இருந்தது அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்ததும், வரலாமா என்று அவளே கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புளிப்பான ருபார்ப் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தை வெட்டி வைத்தேன். வானிலை பேசினோம், கோதுமை விலை பேசினோம். பிறகு அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"வெர்லின், அன்னிக்கு நீங்க வேண்டாம்னது சும்மா மரியாதைக்குன்னு எனக்குத் தெரியும். நானும் இந்த ஊர்க்காரிதானே. இன்னொரு தடவை கேட்டிருந்தா நீங்க சரின்னிருப்பீங்க. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அதனால கேக்கல."

 கத்தப் போகிறார், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்காவது கத்தட்டும் என்று நினைத்தேன். வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"எனக்கும் வேணும்னு இருந்துச்சு மார்லிஸ். ரொம்ப."

அவள் மெல்லத் தலையாட்டினாள். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் அங்கே இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் கூடவே வாழ்ந்து, கெஞ்சியும் கிண்டியும் கேட்டு, எனக்குக் கிடைக்காத ஒரு வார்த்தையை அவள் ஒரு துண்டுப் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.