கார்த்திகையில் எத்தனை மீன்

செந்தில்வேலின் வேலையை ஊரில் பலருக்கு விளங்கவைக்க முடியாது. திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் அவர் ஷேடு பார்க்கிறார். சாயம் ஏறி வந்த துணியில் உள்ளங்கை அளவு வெட்டி, வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துணிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் துணி பட்டறையை விட்டுப் போகும். இருபத்தாறு வருடங்களாக இதுதான் வேலை. அவர் சரியென்றது தப்பாகிப்போனதும் உண்டு. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று பார்க்கிற வேலை அல்ல அது. அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே முழுக்கச் சாம்பல் பூச்சு. மேலே நான்கு விதமான விளக்குகள். பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சளுக்கு ஒன்று, புற ஊதாவுக்கு ஒன்று. ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் பங்காளிச் சண்டை போடும். அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது "ஷேடு மாறியிருக்குதுங்க" என்று ஓடிவந்தால், துணியைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்பார்: "எந்த லைட்டுல பார்த்தீங்க?"

அவருக்குச் சொந்தமாக ஒரு கண் பரிசோதனையும் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. இரவு ஷிப்டில் இருந்த வருடங்களில், விடிவதற்கு முன் வீடிருக்கும் நல்லூருக்கு வண்டியில் திரும்பும்போது, வீதி முனையில் நிறுத்திவிட்டு வானத்தில் கார்த்திகை விண்மீன்களைத் தேடுவார். முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு பெண்கள். வீட்டில் எல்லோருக்கும் முருகன்தான் சாமி. ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் கண் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு போய்ப் படுப்பார். பகல் ஷிப்டுக்கு மாறி ஒன்பது வருடங்களாகின்றன. பிறகு அண்ணாந்து பார்க்க வேளை வாய்க்கவில்லை.

இந்த வருடம் கார்த்திகை தீபத்தன்று மாடியில் கைப்பிடிச் சுவர் நெடுக மனைவி கலைமகள் அகல் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே இருக்கும் நிட்டிங் கம்பெனிக்கு மேலே முழுநிலா ஏறியிருந்தது. நோம்பி நாளாயிற்றே, கார்த்திகையை எண்ணிப் பார்த்துவிடலாம் என்று செந்தில்வேலுக்குத் தோன்றியது. நிலாவுக்குப் பக்கத்தில்தான் அது இருந்தாக வேண்டும். ஒன்று தெரிந்தது. இன்னொன்று தெரிந்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த இன்னொன்றும் போய்விட்டது.

அவர் கீழே இறங்கிப் போனார். ஐம்பத்து மூன்று வயது. புரை விழுகிற வயதுதான்.

மறுநாளிலிருந்து பெட்டிக்கு முன்னால் அவர் கை தயங்க ஆரம்பித்தது. கருநீலத் துணி ஒன்றை அரை நாள் நிறுத்தி வைத்தார். டையிங் மாஸ்டர் ராஜ்கமல் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்ணா, லாட்டு நிக்குதுங்க. ஓகேங்களா, இல்லீங்களா?"

"இன்னொருக்கா பார்க்கோணும்."

"மூணுவாட்டி பார்த்துட்டீங்க. நாலாவது பார்த்தா துணியே வெக்கப்பட்டுச் செவந்துரும். பொறவு அதுக்கொரு ஷேடு பார்க்கோணும்."

ஆய்வகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செந்தில்வேலும் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு கணம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. கருநீலம் கருநீலமாகத்தான் இருந்தது. அதைச் சொல்கிற கண்ணைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. ஒருவனால் தன் கண்ணைத் தன் கண்ணாலேயே சோதிக்க முடியுமா என்பது பழைய கேள்வி. தை மாதம் வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்து, ஷேடு பார்க்கிறவர்களை உட்காரவைத்து, நிறவில்லைகளை வரிசைப்படி அடுக்கச் சொல்வார்கள். அதில் தோற்று எழுந்திருப்பதைவிட முதலாளி மகுடேஸ்வரனிடம் தானாகவே போய்ச் சொல்லிவிடுவது மரியாதை என்று அவர் நினைத்தார். சொல்லவேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

அதை முதலில் கலைமகளிடம் சொல்லிப் பார்த்தார். அவள் கூலிக்கு வாங்கிய குழந்தைப் பனியன்களை மடியில் குவித்து வைத்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளிகிட்டச் சொல்லீரலாம்னு இருக்கறேன், கலா. பொட்டி முன்னால வேற ஆளை உக்கார வெச்சுக்குங்கன்னு."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "ஏனுங்க, என்னாச்சு?"

"கண்ணு போயிருச்சு."

"டாக்டரு சொன்னாருங்களா?"

"கார்த்திகை சொல்லுச்சு. ஆறு மீனுல ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களே."

"போனா கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுத்துருவாங்க."

"அப்ப டாக்டரு சொன்னாப் பயம், மீனு சொன்னா நம்பிக்கை." அவள் ஒரு பனியனை உதறி மறுபக்கம் போட்டாள். "என்னைக்குப் பார்த்தீங்க?"

"தீபத்தன்னைக்குத்தான். நீயும் மாடியில இருந்தியே."

"நெலா பகலாட்டம் அடிச்சுதே அன்னைக்கு. அகலு எரியுதா இல்லையான்னே எனக்குத் தெரியில." இப்போதுதான் கத்தரிக்கோல் நின்றது. "புதுசா சேர்ற பசங்களை எந்த லைட்டுல பார்த்தே, எந்த லைட்டுல பார்த்தேன்னு கேட்டுக் கொல்றீங்களாமா. ராஜ்கமல் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. நீங்க எந்த லைட்டுல பார்த்தீங்க?"

செந்தில்வேல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியில் நிலா எப்போதும் அந்த மீன்களின் பக்கத்தில்தான் வந்து நிற்கும். மாதத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். ஆக, அந்த ஆறு மீன்களை எண்ணுவதற்கு வருடத்திலேயே ஆக மோசமான இரவு எதுவோ அதை நோம்பி என்று தேடிப்பிடித்து அவர் எண்ணியிருக்கிறார். கார்த்திகையைக் கார்த்திகையன்று பார்ப்பதைவிட இயல்பாக வேறென்ன இருக்க முடியும்? இயல்பாகத் தோன்றுவதை யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கூட.

அதற்காக அவர் உடனே நிம்மதி அடைந்துவிடவில்லை. நிலா ஒரு காரணம். கண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். பெட்டியில் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. மார்கழி அமாவாசை வரை மகுடேஸ்வரனின் அறைப்பக்கம் அவர் போகவில்லை.

அமாவாசையன்று மாலை ஏழரைக்கு அதே மாடியில் அதே இடத்தில் நின்றார். கார்த்திகை கிழக்கே நன்றாக ஏறியிருந்தது. நான்கு தெரிந்தன. ஐந்தாவது வந்து வந்து போனது. மூன்று மீன்களை நிலா மறைத்து வைத்திருந்தது என்று ஆயிற்று. மீதி?

எதிர்க் கம்பெனிக்காரர் போன வருடம் மாட்டிய வெள்ளை விளக்கு, பாதித் தெருவுக்கும் பாதி வானத்துக்குமாக எரிந்துகொண்டிருந்தது. அதைக் கையால் மறைத்துப் பார்த்தார். அப்போதும் நான்குதான். வானமே கருப்பாக இல்லை. ஊரின் வெளிச்சமெல்லாம் மேலே போய்த் தூசியிலும் பனியிலும் பட்டுத் திரும்பி, அவருடைய பெட்டியின் உட்புறம்போல ஒரே சாம்பலாகப் பரவியிருந்தது. சாம்பல் துணிமேல் வெளிர்சாம்பல் பொட்டு வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? இதே தெருவில் முன்பு ஆறும் தெரிந்ததே என்று யோசித்தபோதுதான், அவை மின்வெட்டு வருடங்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர் வண்டியை நிறுத்திய விடிகாலைகளில் பாதி ஊர் இருட்டில் கிடந்திருக்கிறது. எல்லோரும் சபித்த அந்த இருட்டைத்தான் அவர் தன் கண்ணின் கூர்மை என்று எண்ணியிருக்கிறார்.

"நாலு பத்தாது, கலா," என்றார் கீழே வந்து.

"அண்ணன் ஊட்டுக்குப் போலாமுங்க. ஞாயித்துக்கிழமை லீவுதானே."

கலைமகளின் அண்ணன் மருதாசலம், மூலனூரைத் தாண்டி ரோட்டிலிருந்து விலகித் தனியாக வீடு கட்டியிருக்கிறார். பக்கத்தில் வேறு வீடு இல்லை. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்புப் புள்ளிகள் அணைந்து அணைந்து எரியும். இருவரும் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. மேற்கே கீற்றாகத் தெரிந்த பிறையும் காபி குடித்து முடிப்பதற்குள் மறைந்தது. வாசலில் மூன்று நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் மருதாசலம் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டார்.

"வேண்டாமுங்க மச்சான். அணைச்சிருங்க."

"ஒறம்பரையை இருட்டுல உக்கார வைக்கறதுங்களா? பூச்சிபொட்டு இருக்கும் மாப்ள."

"இருட்டுக்குத்தான் வந்திருக்கறமுங்க."

மருதாசலம் தங்கையைப் பார்த்தார். அவள் "அணைச்சிருங்கண்ணா, பொறவு சொல்றேன்" என்றாள். விளக்கு அணைந்தது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும் என்று செந்தில்வேல் சொன்னார். பத்து நிமிடம் ஆனதும், ஆயிற்றா என்று பார்க்க அவரே செல்போனை எடுத்தார். முகத்தில் வெளிச்சம் அடித்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கலைமகள் அந்தப் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு வானம் மெதுவாக ஆழமாயிற்று. கார்த்திகை முதலில் ஒரு புகைக்கொத்தாக இருந்தது. அதற்குள் நான்கு. சிறிது பொறுத்து ஐந்து. நேராக வெறிக்காமல் பார்வையைச் சற்று விலக்கியதும் ஆறாவது வந்து நின்றது, போகவில்லை. அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, மறுகோடியிலிருந்து எண்ணினார். ஆறு.

அவர் சொல்லவில்லை. ஆய்வகத்தில் இரண்டு பேர் ஒரே துணியைப் பார்த்தால், ஒருவர் கண்டதை மற்றவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

"கலா, நீ எண்ணு. எத்தனை?"

அவள் நிதானமாக எண்ணினாள். "ஏழு."

"ஆறுதான்."

"எனக்கு ஏழுங்க. பிசிறு வெட்டற கண்ணுக்கு ஒண்ணு எச்சாத்தான் தெரியும்."

"மச்சான், உங்களுக்கு?"

மருதாசலம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "பதினோரு வருசமா இங்க இருக்கறேன் மாப்ள. இது இங்க இருக்குதுன்னே இன்னைக்குத்தான் தெரியும்." எத்தனை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஆறு மீன்கள் தெரிந்ததால் கண் இளமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கெட்டுப்போகவில்லை என்பது மட்டும்தான். செந்தில்வேலுக்கு அது போதுமானதாக இருந்தது. வடமேற்கே அடிவானத்தில், அணையாத ஒரு விடியல்போலத் திருப்பூரின் வெளிச்சம் நின்றது. அதில் தன் பட்டறையின் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கோபம் வரவில்லை.

"மொதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் கலைமகள்.

"சொல்றதுக்கு என்ன இருக்குது. தையில டெஸ்டு வரட்டும், உக்கார்றேன்."

"ஆஸ்பத்திரி?"

"அதுக்கும் போலாம். இந்த வாரமே போலாம்."

உள்ளிருந்து மருதாசலத்தின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். கலைமகளும் அண்ணனும் எழுந்தார்கள். செந்தில்வேல் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்து, கார்த்திகையை விட்டுவிட்டு, வானத்தின் மற்றப் பக்கங்களை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.