செல்வியின் குடம்

வாய் திறந்து நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஆனால் தேர்தல் முடிவு வந்த மறுநாள் ஒரு காரியம் செய்தேன். எதிர்வீட்டு செல்வியின் கட்சி ஜெயித்திருந்தது. அவள் தெருவில் வெடி வெடித்தது எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்திருந்த அவள் குடத்தை யாரும் பார்க்காதபோது கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அவள் முறை வருவதற்குள் லாரி காலியாகிவிட்டது.

அடுத்த தடவை லாரி வந்தபோது, முட்டிவலிக்கு மருந்து வாங்க ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சோறு வடிக்கத் தண்ணீர் இல்லையே என்ற கவலையோடு திரும்பினால், வாசலில் என் குடம் நிரம்பி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

எதிரே செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா புடிச்சு வெச்சே?"

"பின்ன, உன் கட்சிக்காரனா வந்து புடிப்பான்?" என்று சிரித்தாள்.

"செல்வி, அன்னிக்கு உன் குடத்த..."

"தெரியும் யக்கா. மாடிலேந்து பாத்துகினுதான் இருந்தேன். ஓட்டு உன் இஸ்டம். அதுக்கு குடம் இன்னா பண்ணும்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு நுரை என் கையிலும் ஒட்டியது.

இன்றும் நாங்கள் வேறு வேறு சின்னம்தான். ஒருத்தி கட்சியை ஒருத்தி கிண்டல் செய்வோம். நாடு முழுக்க இந்த அளவுக்கு இருந்தாலே போதும் என்று தோன்றுகிறது. லாரி சத்தம் கேட்டால் நான் முதலில் எடுப்பது செல்வியின் குடத்தைத்தான்.