ஜெனரேட்டரை நிறுத்திய தைப்பூசம்

சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை. பினாங்கில் மலைக்கோயிலுக்குப் போகும் சாலையோரம் எங்கள் குழு தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தது. நல்ல மழை பிடித்துக்கொண்டது. விளக்குக்கும் பாட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் ஜெனரேட்டர் நனைந்துவிடுமே என்று அதைப் பந்தலின் பின்பகுதிக்குள் இழுத்து வைத்து, நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள்.

அங்கேதான் என் தங்கை படுத்திருந்தாள். மறுநாள் பால்குடம் எடுக்க விரதம் இருந்தவள். நான் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தாள், அப்படியே ஆடிச் சரிந்தாள். அருள் வந்துவிட்டது என்று ஓர் அக்கா திருநீறு பூசினார். அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் எவ்வளவு நச்சுவாயு வரும் என்ற கணக்கை அந்த வாரம்தான் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். பாட்டும் விளக்கும் ஒன்றாக நின்றன. குழுத்தலைவர் அண்ணன் கோபமாக வந்தார்.

"என்ன டீச்சர், சாமி பாட்டை நிறுத்திட்டீங்க? விரதம்லா, பசி மயக்கம். பால் குடுத்தா சரியாயிடும்."

"பசின்னா இந்த அக்காவுக்கு ஏண்ணே தலை வலிக்குது? இப்பத்தானே மீகூன் சாப்பிட்டாங்க. மொதல்ல தார்ப்பாயைத் தூக்குங்க."

அவர் கேட்காமல் ஜெனரேட்டரை மறுபடி ஓட்ட அதன் கயிற்றைப் பிடித்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஒரு லிட்டர் பெட்ரோல்ல பத்துல ஒரு பங்கு கார்பன் சரியா எரியலன்னாலே, நூறு லிட்டருக்கு மேல கார்பன் மோனாக்சைடு வரும்ணே. வாசனையே இருக்காது. இந்த இடத்துக்கு அது போதும், ஆளையே கொன்னுடும். கயித்தை இழுக்கணும்னா என்னைத் தள்ளிட்டு இழுங்க."

அவர் என் தங்கையைப் பார்த்தார். பிறகு அவரே தார்ப்பாயைக் கிழிக்காத குறையாகத் தூக்கினார். எல்லாரையும் மழையில் வெளியேற்றிவிட்டு, தங்கையை அவர் காடியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தத்தில் அந்த வாயு இருக்கிறது என்று சொல்லி டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். கண் விழித்ததும் அவள் என் பால்குடம் என்னாச்சு என்றுதான் கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த வருடம் பால்குடம் எடுத்தாள். ஜெனரேட்டர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் தனிக் கூரையின் கீழ் நின்றது. யாரும் அதை நகர்த்தாமல் அண்ணனே காவல் இருந்தார்.

விடை தப்பானால் மதிப்பெண் போகும் என்று முன்பெல்லாம் மாணவர்களை மிரட்டுவேன். இப்போதெல்லாம், அந்த விடை தெரிந்திருந்ததால்தான் என் தங்கை இன்னும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன்.