புருலாய் முறுக்கிய கறுப்பு வெள்ளை நூல்

பிஷ்கெக்கில் எங்கள் தையல் கூடத்தில் புருலாய் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குப்பை என்று ஒன்று வெளியே போனதில்லை. வெட்டு மேசைக்குக் கீழே விழும் துண்டுத் துணி, நூல் தீர்ந்துபோன பிளாஸ்டிக் கூம்பு, ஓவர்லாக் மெஷின் துப்பும் பிசிறு, அளவு வரைந்து கிழிந்த அட்டை, எல்லாம் அவள் மூட்டைக்குள் போய்விடும். முதல் வாரமே நான் கேட்டுவிட்டேன். "ஏண்டி, வீட்ல ஆடு வளக்கறியா? இதெல்லாம் எதுக்கு?"

"இருங்க ரகியாக்கா, புத்தாண்டு வரட்டும், தெரியும்" என்றாள்.

தெரிந்தது. கூம்புகளைக் கவிழ்த்துப் பச்சைத் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றி, உச்சியில் ஒரு பித்தளைப் பொத்தானை ஒட்டி, கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குட்டி ஊசியிலை மரம் செய்து கொண்டுவந்தாள். மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்கு ஆளுக்கொரு ஊசி மெத்தை. எனக்கு வந்தது என் முகம் மாதிரியே உருண்டையாக, மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. "என் மூக்குலயே நான் ஊசி குத்தணுமா?" என்று சண்டைக்குப் போனேன். "யார் மேலயாவது கோவம் வந்தா அதுல குத்துங்க. எங்கள விட்டுடுங்க" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மெத்தை இன்னும் என் மெஷின் பக்கத்தில்தான் இருக்கிறது.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். எதையும் ஒற்றைத் தையலோடு விடமாட்டாள். மேலே ஒன்று, உள்ளே ஒன்று, சந்தேகத்துக்கு ஓரத்தில் இன்னொன்று. "நான் தைச்சது பிரியாது" என்பாள். அடுத்தது, குழந்தைகளுக்கு எதைச் செய்தாலும் இரண்டு அளவு கூட்டித்தான் செய்வாள். என் தங்கை மகனுக்கு அவள் தைத்த தொப்பி அவன் மூக்கில் வந்து உட்கார்ந்தது. "வளர்ற பிள்ளைதானே" என்றாள். இரண்டையும் நாங்கள் கேலி செய்துகொண்டே இருந்தோம். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் நரின் ஊர்ப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவள். அம்மா அப்பா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அண்ணன் எர்மெக்தான் வளர்த்தான். பத்தொன்பது வயதில் பிஷ்கெக் வந்தாள், இருபத்தாறில் கல்யாணம். கட்டியவன் பெயரை நான் சொல்லமாட்டேன், என் வாய் அவ்வளவு மலிவானதில்லை. அவள் ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தபோது வேலைக்கென்று மாஸ்கோ போனான். இரண்டு மாதம் போன் செய்தான். அப்புறம் எண்ணை மாற்றிவிட்டான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். குழந்தை பிறந்ததும் அவன் வீட்டார் ஒரு குல்லாய்கூட எடுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கவில்லை. பெண் குழந்தை. துமார் என்று புருலாயே பெயர் வைத்தாள்.

துமார் முதல் அடி வைத்தது எங்கள் கூடத்தில்தான். ஒரு சனிக்கிழமை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகளை அன்றைக்கு நாங்கள் கூட்டி வருவது வழக்கம். என் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திடீரென்று கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. இஸ்திரி மேசைக்காரி ஷாயிர்குல்லின் பாவாடையில் போய் மோதி நின்றாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஷாயிர்குல் தலாஸ் பக்கத்துக்காரி, ஆள் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. "நடந்துட்டா! தளை அறுக்கணும்! எப்போடி விழா?" என்று கத்தினாள்.

எங்கள் வழக்கம் இது: நடக்கத் தொடங்கிய பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து எல்லாரும் ஓடி வருவார்கள். முதலில் வருகிறவர் கத்தியால் நூலை அறுக்கவேண்டும். அறுத்தவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும். இதைச் செய்யாவிட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தடுக்கி விழும் என்பார்கள். அப்படி நடக்கிறதோ இல்லையோ, செய்யாத வீட்டைப் பற்றி ஊர் பேசும், அது மட்டும் நிச்சயம்.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எர்மெக்கும் அவன் மனைவி நூர்ஸாத்தும் வந்தார்கள். எர்மெக் சந்தையில் டயர் கடை வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை, ஆனால் வீட்டில் வாய் திறக்கிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டான். நூர்ஸாத் எங்கள் பெஞ்சில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு புருலாய், கஃபே நாங்க பேசிட்டோம். பலூன் அலங்காரம், மைக் பிடிச்சுப் பேசற ஆளு, போட்டோவுக்குப் பின்னாடி வைக்கிற தங்கக் கலர் திரை, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நீ விரல அசைக்க வேண்டாம்."

"நிஜமாவா அண்ணி?" புருலாயின் முகம் மலர்ந்தே விட்டது, பாவம்.

"ஒண்ணே ஒண்ணு. பத்திரிகையில அவங்கப்பா பேரு போடணும். கேட்டா மாஸ்கோவுல வேலை, லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம். அவ்வளவுதான்."

புருலாய் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "அவ நடந்தத அவன் பாத்தானா?"

"அதுக்கில்லடி..."

"அவ பொறந்தது அவனுக்குத் தெரியுமா? என் பொண்ணு முதல் முதலா நாலு பேர் முன்னாடி நிக்கப்போறா. பொய்ய வச்சுக்கிட்டா நிக்கணும்?"

"அப்பன் பேர் இல்லாம விழாவா? எங்க மொகத்த எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"உங்க மொகத்த நீங்க வச்சுக்குங்க அண்ணி. விழாவ நான் பண்ணிக்கறேன். எங்க கட்டடத்து முற்றத்துல."

நூர்ஸாத் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "எத வச்சுப் பண்ணுவ? இந்தக் குப்பைய வச்சா? யாரு ஓடுவா? இஸ்திரி போடறவளா? பிள்ளை இஸ்திரி போடறவளா வளரட்டும்னு ஆசையா?"

இஸ்திரிப் பெட்டி சீறிய சத்தம் கேட்டது. ஷாயிர்குல் வேண்டுமென்றேதான் நீராவியை அவள் பக்கமாகத் திருப்பினாள்.

"சொந்தக்காரங்க ஒருத்தர் வரமாட்டாங்க, பாத்துக்க" என்று நூர்ஸாத் எழுந்தாள். எர்மெக் தங்கையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மனைவி பின்னாலேயே போனான். எனக்கு வந்த கோபத்துக்கு என் ஊசி மெத்தை மூக்கு சல்லடையாகிவிட்டது.

அவர்கள் போனதும் அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தரிக்கோலைக் கேட்டாள்.

அளவு அட்டையின் மேல் துமாரை நிறுத்தி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். அதே அளவில் நாற்பது பாதம் வெட்டினாள். அதுதான் பத்திரிகை. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: "துமார் நடந்துவிட்டாள். அவள் அம்மா புருலாய் அழைக்கிறேன்." வேறு பெயர் இல்லை. அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது, சும்மா சொல்லக்கூடாது.

மூன்று வாரம், சாப்பாட்டு நேரமெல்லாம் கூடம் கல்யாண வீடாகிவிட்டது. பூப்போட்ட துண்டுகளை முக்கோணமாக வெட்டிக் கயிற்றில் கோத்தோம், முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தோரணம். பிள்ளைகளுக்கு அட்டைக் கிரீடம். ஓட்டத்தில் ஜெயிப்பவர்களுக்குப் பரிசாகப் பிசிறு அடைத்த தலையணை, சூடு தாங்கும் பிடிதுணி. துமார் நடந்து வர, ஒட்டுத்துணியில் ஒரு நீள விரிப்பு. கூடத்தில் அந்த வருஷம் தைத்த சட்டையெல்லாம் அதில் இருந்தது. காலுக்குப் பழைய கம்பளிப் போர்வையை வெட்டிச் சிவப்புப் பூட்ஸ் தைத்தாள். துமார் போட்டதும் இரண்டு பூட்ஸும் படகு மாதிரி ஆடின.

"விழா அன்னிக்காவது காலுக்குச் சரியா தைக்கக் கூடாதாடி?"

"வளர்ற பிள்ளைதானே அக்கா" என்றாள்.

கடைசியாக நூல். ஆட்டு ரோமத்தில் முறுக்குவதுதான் முறை. "ஆட்டுக்கு எங்க போறது, நூல்தான் கூம்பு கூம்பா இருக்கே" என்று, ஜீன்ஸ் தைக்கிற நைலான் நூலைக் கறுப்பில் இருபது இழை, வெள்ளையில் இருபது இழை எடுத்தாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவள் முறுக்கினாள். இங்கேதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. "போதுமா அக்கா?" என்று அவள் கேட்டாள். "இன்னும் முறுக்குடி, அந்த நூர்ஸாத் பாத்து வாயடைக்கணும்" என்றேன். அறுக்க வேண்டிய நூல் அது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனது. நாங்கள் தையல்காரிகள். பிரியாமல் இருக்கத்தான் எங்களுக்குத் தெரியும்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் லைலாக் பூத்துக் கிடந்தது. மேசையில் தேநீர், ஜாம், மாவைத் துண்டு போட்டு மலையாகப் பொரித்துக் குவித்த போர்சோக். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், கட்டடத்தில் இருந்தவர்கள் பரிசைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் இல்லை. நூர்ஸாத் வீடு வீடாகப் போன் போட்டிருந்தாள். புருலாய் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அண்ணனாவது வருவான் என்று நினைத்தாள். வளர்த்தவன் அல்லவா.

"ஆரம்பிக்கலாமாடி?" என்றேன்.

"ஆரம்பிங்க. நாம இத்தன பேர் இருக்கோம், போதும்" என்றாள்.

துமாரை விரிப்பின் முனையில் நிறுத்தி, பூட்ஸைக் கழற்றாமல் அதன் மேலேயே நூலைக் கட்டினோம். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஓட்டம். என் முழங்காலோடு நானும் ஓடினேன், கடைசியாக வந்தேன். முதலில் வந்தது ஷாயிர்குல். அவள் ஓடி வந்தபோது பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கத்தியை வாங்கிக் குனிந்தாள்.

அறுத்தாள். நூல் அறுபடவில்லை. திருப்பி அறுத்தாள். முகம் சிவந்தது. "என்னடி இது, கேபிளா?" என்று முனகினாள். யாரோ வீட்டுக்குள் ஓடி வேறு கத்தி கொண்டுவந்தார்கள். அதுவும் வழுக்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான், கடைசியில் மனசு கேட்காமல் கிளம்பிய எர்மெக்கின் கார் வந்து நின்றிருக்கிறது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, அவனோடு வந்த நூர்ஸாத்தின் குரல் வந்தது.

"பாத்தீங்களா? அப்பன் பேரச் சொல்லாத விழா. நூல்கூட அறுபட மாட்டேங்குது. இந்தப் பிள்ளை இப்படியே கட்டுப்பட்டுக் கெடக்கப் போகுது."

வயதான பெண்கள் இரண்டு பேர் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டார்கள். மூன்று வாரமாக நிமிர்ந்து நின்ற புருலாய் முதல் முறையாகத் தலை குனிந்தாள். இன்னும் முறுக்கு என்று சொன்ன என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது எனக்கு.

எர்மெக் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "வாய மூடு" என்றான். அந்த வீட்டில் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து எத்தனை வருஷமோ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, டயர் அறுக்கும் வளைந்த கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தபடி வந்தான்.

"நகருங்க, நான் அறுக்கறேன்."

துமாருக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை நேரம்தான் நிற்பாள்? மேசையில் போர்சோக் மணக்கிறது. இடது காலை இழுத்தாள். பூட்ஸ் வரவில்லை, கால் மட்டும் வந்தது. வலது காலை இழுத்தாள். அதுவும் வந்தது. சிவப்புப் பூட்ஸ் இரண்டும் கட்டியது கட்டியபடி விரிப்பில் நிற்க, வெறுங்காலோடு ஒட்டுத்துணியின் மேல் நடந்தாள். கத்தியோடு குனிந்த மாமனைத் தாண்டி, வாயைப் பிளந்து நின்ற நூர்ஸாத்தைத் தாண்டி, பதினொரு அடி, நான் எண்ணினேன், நேராக மேசைக்குப் போய் ஒரு போர்சோக்கை எடுத்துக் கடித்தாள்.

முதலில் புருலாய்தான் சிரித்தாள். அழுகையும் அதிலேயே இருந்தது.

"கத்திய உள்ள வை அண்ணா" என்றாள். "வேலை முடிஞ்சுது."

எர்மெக் பூட்ஸைக் கையில் எடுத்து நூலை இழுத்துப் பார்த்தான். பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான். "எத்தன இழை?" என்றான். "நாப்பது" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே மேசையில் உட்கார்ந்து, தனக்கு ஒரு கிண்ணம் தேநீர் கேட்டான். நூர்ஸாத் காரில் போய் உட்கார்ந்து ஹாரனை ஒரு முறை அடித்தாள். அவன் இரண்டாவது கிண்ணம் கேட்டான்.

பரிசுத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷாயிர்குல் குழப்பத்தோடு நின்றாள். "ஓடி வந்தது நான். ஆனா நான் அறுக்கல, யாருமே அறுக்கல. அப்போ இவளுக்கு யாரு குணம்டி வரும்?"

வாய் நிறைய மாவும் கன்னமெல்லாம் ஜாமுமாக நின்ற மகளைப் புருலாய் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவ குணம்தான்" என்றாள்.