பிலோமி சொன்னால் சரி

தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தேர்தல் வந்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் போஸ்டர் இல்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர், வரிசை வீடான லயத்தில் பிலோமினம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அதுதான் அடையாளம். மற்ற நாளில் அவளைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிற மனுஷன்!

"பிலோமியக்கா, ஞாயித்துக்கெழம கூட்டம். வோட்டுக் கேக்கக் கட்சி மாத்தையா வர்றாரு. அவரு சிங்களத்துல பேசுறத நீங்கதான் தமிழ்ல சொல்லணும்."

"முடியாது தம்பி. முப்பது வருசமா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வேற யாரையாச்சும் பாருங்க."

"வேற யாரு இருக்கா?"

அது என்னவோ உண்மை. அந்தத் தோட்டத்தில் கடைச் சிங்களம் எல்லோருக்கும் வரும். பருப்பு வாங்கலாம், பஸ்ஸில் சண்டை போடலாம். மேடைச் சிங்களம்தான் பெரியவர்களுக்குப் பிடிபடாது. பிலோமினம்மாவைப் பதினொரு வயதில் கேகாலையில் ஒரு சிங்கள வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். எட்டு வருஷம் அந்த வீட்டுச் சமையலறையில் கிடந்தாள். வீட்டுக்கார ஐயா தினமும் சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசுவார். அவர் பேசியதெல்லாம் சட்டி கழுவிக்கொண்டிருந்தவளின் காதில் ஏறிவிட்டது. திரும்பி வந்து ரப்பர் பால்வெட்டும் வேலைக்குப் பேர் பதிந்தவளை அடுத்த தேர்தலிலேயே மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

ஏறியவள்தான், இன்னும் இறங்கவில்லை. "கரண்டு தருவோம்" என்றார் ஒருவர். அதைத் தமிழில் சொன்னாள். பதினொரு வருஷம் கழித்துக் கரண்டு வந்தது. "பிலோமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊர் பேசிற்று. சொன்னவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அதற்குப் பிறகு சொன்ன ரோட்டு, டிஸ்பென்சரி, பிள்ளைகளுக்கு வேலை எல்லாம் காற்றோடு போயின. அப்போதும் ஊர் அவளைத்தான் பிடித்தது. "டிஸ்பென்சரின்னியே, எங்கடி?" என்று குழாயடியில் கேட்பார்கள். வாக்குக் கொடுத்த மந்திரி கொழும்பில் சுகமாகத் தூங்குவான். இவள் குடத்தோடு நின்று பதில் சொல்ல வேண்டும். நல்ல நியாயம்!

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெருமழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவு இறங்கி வந்து, கோழிக்கூட்டை மூடிவிட்டு நின்றது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே ஆட்கள் இருக்கக்கூடாது என்று சிங்களத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். அதையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். எங்கே போய் இருப்பது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. போன தேர்தலில் ஒருவர் வந்து மைதானத்துக்கு மேலே அடிக்கல் நாட்டி, ஆளுக்கு ஏழு பேர்ச் அளவு நிலமும் வீடும் என்றார். இப்போது அந்தக் கல்லின்மேல் ஆடு படுக்கிறது. பக்கத்துக் காம்பரா அழகமுத்து மட்டும் தன் வீட்டு வாசல் இங்கேதான் வரும் என்று கணக்குப் போட்டு, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தெம்பிலி, அதாவது செவ்விளநீர்க் கன்று வைத்தார். வாசல் வரவில்லை, தெம்பிலி குலை தள்ளிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம், வெட்டிய ரப்பர் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து அவள் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அழகமுத்து வந்தார். அறுபத்தைந்து வயது, பென்ஷன்காரர். அவர் காம்பராவின் பின்சுவரில் விழுந்த வெடிப்பில் இப்போது மூன்று விரல் போகும்.

"தங்கச்சி, சுதாகரன் திரும்பவும் போன் எடுத்தான். அவிசாவளையில ரெண்டு ரூம் இருக்குதாம். ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வந்துருங்கப்பாங்கிறான்."

"போங்களேன் அண்ணே. மகன் கூப்புடுறான்ல?"

"போனா லிஸ்ட்ல பேர வெட்டிப்புடுவானுங்களே! நாளைக்கு வீடுன்னு ஒண்ணு வந்தா லயத்துல இருக்கிறவனுக்குத்தான் குடுப்பான். அதான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். நாளைக்குக் கூட்டத்துல நீ என்ன சொல்றியோ அதான். வீடு வரும்னு நீ சொன்னா இந்த மழைக்கும் இங்கேயே இருக்கிறோம். இல்லாட்டி மூட்டையக் கட்டுறோம்."

"அட, நானா சொல்றேன்? அவங்க சொல்றத நான் சொல்றேன்!"

"அவனுகள யாரு நம்புறா? நான் நம்புறது உன்னைய."

அவர் போன பிறகு அவள் சோற்றை மூடி வைத்தாள். பயமாக இருந்தது. இத்தனை வருஷம் வாயை இரவல் கொடுத்தாள். இப்போது அந்த வாயில் இரண்டு உயிரைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார் அழகமுத்து. "மாதாவே, எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வாய்விட்டே கேட்டாள்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. இந்தத் தடவை அவளுக்கே கொஞ்சம் ஆசை தட்டியிருந்தது. புருஷன் செபஸ்ரியன் இந்த லயத்திலேயே போய்ச் சேர்ந்தான். மகள் ஏஞ்சலின் கட்டிப்போன தோட்டத்திலும் இதே லயம், ஒரே காம்பராவில் ஆறு பேர். ஆளும் கட்சி மாறினால் காரியம் நடக்கும் என்று பஸ்ஸில் சிங்களச் சனங்களும் பேசிக்கொண்டார்கள். சுவரில் ஈரம் ஏறாத ஒரு வீட்டில் நாலு வருஷமாவது இருந்துவிட்டுச் சாகலாமே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, இந்த வயதில் உனக்கு வெட்கமில்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாத்தையா நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். முன்னாள் வாத்தியார். கூட்டத்தோடு நின்று பாலில்லாத சாயத்தண்ணித் தேநீர் குடித்தார். அவளை "அக்கே" என்று கூப்பிட்டார். மேடைக்குப் பின்னால் அவள் சிங்களத்தில் மெல்லக் கேட்டாள்: "மாத்தையா, இந்த வீட்டு விஷயம் நிச்சயமா?"

அவர் அவளைப் பார்த்துவிட்டு, பொய் சொல்ல மனமில்லாதவர்போலச் சொன்னார்: "பார்ப்போம் அக்கே. முதலில் வெல்லவேண்டுமே. வென்றாலும் கஜானாவில் காசு வேண்டும். முயற்சி செய்வோம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ! கூட்டம் கைதட்டத் தட்ட அவர் குரலும் ஏறிற்று. "ஒரு வருஷத்துக்குள் இந்த லயத்தில் ஒரு குடும்பமும் இருக்காது. எல்லோருக்கும் வீடு. இது நிச்சயம்!" என்று சிங்களத்தில் முழங்கிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார்.

முன்வரிசையில் அழகமுத்து. பக்கத்தில் அவர் பெண்சாதி சுப்பம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் மாத்தையாவைப் பார்க்கவே இல்லை.

அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "ஒரு வருசத்துக்குள்ள எல்லாருக்கும் வீடு. நிச்சயம்னு சொல்றாரு." கைதட்டல். மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் கொடுக்கவில்லை.

"அது அவரு சொன்னது. இப்ப நான் சொல்றேன். அழகமுத்தண்ணே, மகன் வீட்டுக்குப் போயிருங்க. வீடு வந்தா வரட்டும். மழை அதுக்கு முன்னுக்கு வரும்."

தலைவர் பல்லைக் கடித்தார். மாத்தையா குனிந்து, "என்ன அக்கே சொன்னீர்கள்?" என்று கேட்டார். ஒளிக்காமல் அப்படியே சிங்களத்தில் சொன்னாள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு, விலைவாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அழகமுத்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சபையில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிட்டாளாம். மூன்றாம் நாள் ஆட்டோவில் சாமான் ஏற்றினார்கள். சுப்பம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழகமுத்து ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"லிஸ்ட்ல என் பேர் போச்சுன்னா நீதான் பொறுப்பு, ஆமா!"

"சரிண்ணே. அதையும் என் தலையிலேயே போடுங்க."

பக்கத்துக் காம்பரா காலியானதும் லயம் ஒருமாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தது. ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு தடவை பெய்யும்போதும் விழவில்லை என்று நிம்மதிப்படுவதா, அவரை வீணாகக் கிளப்பிவிட்டோமே என்று வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவள் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்பு அவள் பக்கமும் வந்திருந்தது. அதில் இப்போதைக்கு ஒரு விரல் போகும்.

தேர்தலன்று அழகமுத்து அவிசாவளையிலிருந்து பஸ் ஏறி வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். அவள் போட்டுவிட்டு வெளியே வரும்வரை கேற்றடியில் காத்திருந்து, அவளோடு பஸ் தரிப்புவரை நடந்தார்.

"ஒண்ணும் விழலியே தங்கச்சி" என்று சீண்டினார்.

"விழலண்ணே."

"பேத்தி உன்னையக் கேக்குறா. சரி, யாருக்குப் போட்ட?"

அவள் சுண்டுவிரல் மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வாத்தியார் மாத்தையா கட்சிக்குத்தான்."

அழகமுத்து நடுரோட்டில் நின்றுவிட்டார். "அடிப்பாவி! மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்காதேன்னு என்னைய ஊர்முன்னுக்குச் சொல்லித் தொரத்திட்டு, நீ போய் அவனுக்கே போட்டியா? அப்ப வீடு வரும்னு நம்புறியா?"

"உங்களுக்குப் போக ஒரு எடம் இருந்துச்சு, அண்ணே. நம்பாதீங்கன்னு சொன்னேன். எனக்கு எங்க இருக்கு? நம்பாம நான் என்ன செய்யட்டும்?"

இருவரும் பஸ் தரிப்புக்கு வந்து நின்றார்கள். அவிசாவளை பஸ் வந்தது. கொண்டக்டர் அழகமுத்துவை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார்.