பசெமேராவின் ஒன்பது மைக்குகள்

செவ்வாய்க்கிழமை காலை பசெமேரா ரேடியோ ஸ்டேஷனுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், மைக்குகளைத் திறந்து மூடும் அவளுடைய மிக்சரைக் காணோம். திருட்டு எதுவும் இல்லை, அப்டேட்தான். ஆறு வருஷமாக அவள் கை பழகிய திரையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டு, வேறொன்றை விரித்து வைத்திருந்தது. அழகுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கருநீலத் திரை, அதில் மைக்குக்கு ஒன்றாக வரிசையாக ஒன்பது வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்து. ஒன்பதிலும் ஒரே எழுத்து. அ.

அந்த வினைக்குப் பாதிக் காரணம் அவளேதான். எங்கள் ஃபோர்ட் போர்ட்டல் ஊரில் ஒருவரை வெறும் பெயரால் கூப்பிட்டால் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். பெயரோடு எல்லாருக்கும் ஒரு பாசப்பெயர் உண்டு. மொத்தமே பன்னிரண்டுதான், ராஜாவுக்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. அராலி, அகீகி, அமூட்டி, அபூலி, அடீன்யி... எல்லாம் அ-வில்தான் தொடங்கும். பசெமேராவுக்கு அட்யேரி. அவள் மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் அதில் பேசுகிறவரின் பாசப்பெயரையே வைத்திருந்தாள். காலை நிகழ்ச்சி நடத்தும் கிசெம்போவின் மைக் ‘அராலி’. செய்தி வாசிக்கிறவருடையது ‘அகீகி’. மரண அறிவிப்பு வாசிக்கும் கபன்யாகாவுடையது ‘அடீன்யி’. பழைய திரையில் பெயர் முழுசாகத் தெரியும், இடமும் மாறாது. புதுசு முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. போதாக்குறைக்கு, எந்த மைக்கைத் திறந்தாலும் அது ஓடிவந்து முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், மற்றவை நகர்ந்து வழிவிடும். அடிக்கடி வேண்டியது கைக்கு அருகில் இருக்கட்டும் என்று எந்தப் புத்திசாலிக்கோ தோன்றியிருக்கிறது.

கிசெம்போ எட்டிப் பார்த்தான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

“ஆகா, அட்யேரி! கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்கு!”

“ஆமாம், ஒன்பது பொண்ணும் ஒரே முகம். மாப்பிள்ளை யாருக்கு மோதிரம் போடுவான், நீயே சொல்லு.”

விளையாட்டுச் செய்திக்காரர் வந்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். கபன்யாகா கண்ணாடியைக் கூடப் போடவில்லை. “எனக்கென்ன, என் ரூம் விளக்கு எரிஞ்சா வாசிப்பேன், அணைஞ்சா எந்திரிப்பேன்,” என்று போய்விட்டாள். யாருக்கும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை அல்லவா, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

பசெமேரா அந்த நாற்காலிக்கு வந்தது பதினான்கு வருஷத்துக்கு முன்னால். அப்போது வாசலில் உட்கார்ந்து அறிவிப்புச் சீட்டுகளை வாங்கும் வேலை. ஒரு நாள் பழைய ஆபரேட்டர் நிகழ்ச்சிக்கு நடுவில் தேநீர் குடிக்கப் போனவன், கம்பாலா பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டான். பாட்டு முடிந்து ரேடியோ ஊமையாக நின்றது. இவள் எழுந்து ஓடி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விசையைத் தள்ளினாள். அன்றிலிருந்து அவள்தான். இடி விழுந்து மிக்சர் பெட்டி எரிந்து, கம்ப்யூட்டருக்குள் மிக்சர் வந்த பிறகும் அவள்தான். கணவன் கசேசே பக்கம் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருவான். மீதி நாளெல்லாம் அவளுக்கு ஸ்டேஷன் இருக்கும் அந்தக் குன்றும் அந்த நாற்காலியும்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

மேனேஜர் ர்வகைகாரா அமூட்டியிடம் போய்ச் சொன்னாள்.

“பெயரை முழுசா காட்டச் சொல்லுங்க அமூட்டி. இல்லேன்னா நம்பராவது போட்டுத் தாங்க.”

“அதை என் கணக்குலேருந்துதான் மாத்தணும். மாத்தக்கூடாது.” அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. “இதைச் செஞ்ச நைரோபி கம்பெனிக்காரன் நாலே நாலு ஸ்டேஷனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கான், புதுசைப் பழகிப் பார்த்துக் கருத்துச் சொல்ல. சொன்னா ஒரு வருஷம் இலவசம். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் போன்ல அஞ்சு ஸ்டார் குத்திடுங்க.”

“பிடிக்கலேன்னா?”

“பிடிக்கும். ரெண்டு நாள்ல பிடிக்கும்.”

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குச் செய்தி முடிந்து மரண அறிவிப்பு. பசெமேரா சரியாக எண்ணி அடீன்யியைத் திறந்தாள். அது முதல் இடத்துக்கு ஓடியது. செய்தி மைக்கை மூடுவதற்கு அவள் விரல் பழைய திரையில் அது இருந்த இடத்துக்கே போனது. அங்கே இப்போது அகீகி இல்லை, அராலி இருந்தான். தட்டினாள். கிசெம்போவின் மைக் திறந்துகொண்டது. பக்கத்து ஸ்டூடியோவில் அவன், ஓர் ஆடு போலீஸ்காரரைத் துரத்தும் வீடியோவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“கிஜூரா தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த இசிங்கோமா அபூலி நேற்று காலமானார்,” என்று கபன்யாகா வாசித்தாள். மாவட்டம் முழுக்க அதன் மேல் ஒரு சிரிப்பு கேட்டது. ஹா ஹா ஹா என்று, மூச்சு வாங்கிக்கொண்டு, தொடையைத் தட்டிக்கொண்டு. எந்த வட்டம் என்று தேடிக் கண்டுபிடித்து மூடுவதற்குள் பதினோரு விநாடி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை செத்தவரே வாசலில் வந்து நின்றார். அப்படித்தான் இருந்தது அவளுக்கு. அறிவிப்புச் சீட்டோடு வந்த போட்டோவில் இருந்த அதே நெற்றி, அதே காது. இரட்டைப் பிறவியில் இளையவர், கடோ அட்வோகி. செருப்பில் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. மேனேஜர் நாற்காலி போட்டார், உட்காரவில்லை.

“யார் சிரிச்சது?”

கிசெம்போ கதவோரம் ஒதுங்கினான். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். “ஆபரேட்டர் தப்புங்க. விசாரிக்கிறோம்.”

“விசாரிக்க என்ன இருக்கு,” என்றாள் பசெமேரா. “சிரிச்சவன் உங்க அண்ணனைப் பார்த்துச் சிரிக்கலை அட்வோகி. அவனுக்கு இந்த அறிவிப்பே தெரியாது. அடைச்சிருந்த மைக்கைத் திறந்துவிட்டது என் கை. என்னைத் திட்டுங்க.”

கிழவர் அவளையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நாளைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம், மகளே. அதுக்கு முன்னாடி, ஒரு மணிக்குத் திரும்ப வாசிங்க. சுத்தமா. அவன் பொண்டாட்டி ரேடியோவை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா.” வாசல்வரை போய்த் திரும்பினார். “இன்னொரு தடவை ஏதாவது கேட்டுச்சுன்னா அவ தாங்கமாட்டா.”

அவர் இறங்கிப் போனதும் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு மிக்சர்ல கிசெம்போ உட்காரட்டும். சின்னப் பையன், போன்லயே பிறந்து வளர்ந்தவன். அவன் சரியா பண்ணிட்டா திங்கட்கிழமையிலேருந்து பேசறதும் அவன், மிக்சரும் அவன். நீங்க சந்தைப் பக்கம் விளம்பரம் பிடிக்கப் போங்க. அவன் சொதப்பினா நாற்காலி உங்களுக்கே.”

“பெயரை மட்டும் காட்டிடுங்க அமூட்டி. அவனுக்காகவாவது.”

“திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க.”

அன்று சாயங்காலம் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. கேழ்வரகுக் களி கிண்டினாள், கட்டி தட்டிப்போனது. மேஜை மேல் ஒன்பது அவரை விதைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ரேடியோவைப் போட்டாள். ரேடியோவில் யார் பேசினாலும் அவருடைய விதையை முதலுக்கு இழுத்தாள். பேசினவர் முன்னுக்கு, மற்றவர் பின்னுக்கு. மறுபடி, மறுபடி. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள், பாதி வழியில் திரும்பி ஓடிவந்து ஒரு விதையை நகர்த்தினாள்.

“அம்மாவுக்குப் பேய் பிடிச்சிருக்கு,” என்றாள் சின்ன மகள்.

“பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது. நீ தட்டைக் கழுவு.”

ராத்திரிக்குள் விதை தேவைப்படவில்லை. எந்தக் குரல் கேட்டாலும் ஒன்பது இடமும் தானாக மனசுக்குள் மாறின. வயிற்றெரிச்சலோடு அவள் புதுத்திரையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்தே அவள் காதில் ரேடியோ. குன்றேறும்போதும் காதில்தான். பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்டூடியோ கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள். உள்ளே போக மேனேஜர் விடவில்லை. கிசெம்போ மிக்சருக்கு முன்னால், சட்டைக் கழுத்து நனைந்துபோய். அவன் தோளுக்கு மேல் மேனேஜர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து அறையில் கபன்யாகா, கையில் சீட்டு, அணைந்திருந்த விளக்கைப் பார்த்தபடி.

செய்தி முடிந்தது. வாசித்தவர் வணக்கம் சொன்னார். கிசெம்போவின் விரல் திரைமேல் போய் நின்றது. நகரவில்லை. ஒன்பது அ.

ஒரு விநாடி. ரேடியோ ஊமையாக நின்றது.

ரெண்டு. அவன் விரல் மூன்றாவதுக்குப் போனது, பயந்து திரும்பியது. மூன்றாவதில் விளையாட்டுச் செய்திக்காரர், அந்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பசெமேராவுக்கு அது தெரியும். அடீன்யி ஐந்தாவது. காலை ஆறிலிருந்து எண்ணி வைத்திருக்கிறாள்.

சும்மா நில்லு, என்றது அவள் மனசு. இன்னும் ரெண்டே விநாடி. அவன் எதையாவது தட்டுவான், எதுவாவது கேட்கும், நாற்காலி உன்னுடையது. நீ என்ன பண்ணினாய்? ஒன்றும் பண்ணவில்லை, சும்மா நின்றாய். பதினான்கு வருஷம்டி.

மூன்று. கிசெம்போ தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். உதவி கேட்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி.

கிஜூராவில் ஒருத்தி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சீ, என்று தன்னையே வைதுகொண்டு பசெமேரா கையைத் தூக்கிக் கண்ணாடியில் பதித்தாள். ஐந்து விரலும் விரித்து.

அவன் தட்டினான். கபன்யாகாவின் விளக்கு எரிந்தது. உடனே இரண்டு விரலைக் காட்டி, முஷ்டியை மூடினாள். இரண்டாவதை மூடு, செய்தி மைக் இப்போது அங்கே. மூடினான்.

“கிஜூரா தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த இசிங்கோமா அபூலி...” கபன்யாகாவின் குரல் மட்டும், வேறு ஒரு மூச்சுக்கூட இல்லாமல். மனைவி பெயர், ஏழு பிள்ளைகளின் பெயர், கூடப் பிறந்த கடோ அட்வோகி, அடக்கம் நடக்கும் இடம், நேரம். கடைசி வரைக்கும் சுத்தமாகப் போனது. பசெமேராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துக்கமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

மேனேஜர் கிசெம்போவின் முதுகில் ஓங்கித் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். “பார்த்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா! ஒரே நாள்ல பழகிட்டான்!”

கிசெம்போ வாயைத் திறந்தான். “அமூட்டி, அது வந்து... அட்யேரிதான்...”

“அட்யேரிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. திங்கட்கிழமை சந்தை, காலைல எட்டு மணிக்கு. சரி, எல்லாரும் ஸ்டார் போட்டாச்சு, உங்க ஒருத்தர்துதான் பாக்கி. என் கருத்தைக் கேளுங்க.” போனைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்: “‘எங்கள் ஆட்கள் மூன்றே நாளில் பழகிக்கொண்டார்கள். மரண அறிவிப்பு கூடத் தவறில்லாமல் ஒலிபரப்பினோம். மிக அருமை.’ எப்படி? நீங்களும் இதே மாதிரி ரெண்டு வரி தட்டிவிடுங்க.”

கிசெம்போ தரையைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை. அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை.

பசெமேரா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். ஒரு ஸ்டாரைத் தட்டினாள். கீழே எழுதினாள்: “இன்று பகல் ஒரு மணிக்கு எந்த மைக் எங்கே என்று உங்கள் திரை சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் விரலால் காட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து நான் அங்கே நிற்கமாட்டேன். இப்படிக்கு, பசெமேரா அட்யேரி, பதினான்கு வருஷம் ஆபரேட்டர்.”

மேனேஜர் கழுத்தை நீட்டினார். “என்ன இவ்வளவு நேரம் எழுதறீங்க? காட்டுங்க பார்ப்போம்.”

அவள் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“போய்ச் சேர்ந்துடுச்சு அமூட்டி,” என்றாள்.